திரியின் தந்தை

ஷார்ஜா நகரத்தில் ரோலா என்று வழங்கும் பேட்டைக்கு அப்பெயர் வந்தது ஓர் ஆலமரத்தினால் என்பதை, விடுமுறை மாலைகளில் அங்கே கூடிக் கலையும் நம்மவர்களில் அநேகர் அறியார். உள்ளூர் அரபு வழக்கில் ரோலா என்றால் ஆலமரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊரை ஆண்ட ஷேக் சுல்தான் பின் சக்ர் அல் காசிமியின் காலத்தில் நடப்பட்டதென்று சொல்லப்படும் அந்த விருட்சம், ஈத் பெருநாட்களில் பெண்களும் குழந்தைகளும் தன் கிளைகளில் கயிறு கட்டி ஊஞ்சலாட இடங்கொடுத்து, நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் நின்று, 1978ஆம் ஆண்டில் பட்டுவிழுந்தது. இன்று சதுக்கத்தில் இருப்பது அதன் ஞாபகார்த்தமான ஒரு சின்னம் மாத்திரமே. நம் நாட்டுச் சாலையோரங்களில் நிற்கிற ஜாதி மரமொன்று இந்த உவர்மண்ணில் வேரூன்றியதற்குப் பின்னால் ஒரு கப்பல் கதை இருந்தே தீரவேண்டும். ஆனால் நான் சொல்ல எடுத்துக்கொண்டது மரத்தைப் பற்றியன்று. அதே கடல்வழியாக வந்து இதே கரையில் ஊன்றிய வேறொரு பொருளைப் பற்றி.

ரோலாவிலிருந்து வங்கிகள் வரிசையாக நிற்கும் தெருவழியே பத்து நிமிஷம் நடந்தால், அல் ஹிஸ்ன் என்னும் கோட்டையை அடையலாம். 1823ஆம் ஆண்டில் எழுந்த இக்கோட்டையை 1970ஐ ஒட்டி இடித்துத் தள்ளத் தொடங்கினார்கள். அப்பொழுது கெய்ரோவில் மாணாக்கராயிருந்தவரும் பின்னர் 1972இல் ஆட்சிக்கு வந்தவருமான ஷேக் சுல்தான் பின் முகம்மது அல் காசிமி, செய்தி கேட்டு ஓடிவந்து, அல் கப்ஸ் என்ற ஒரே ஒரு கோபுரத்தையும் சில கதவு ஜன்னல்களையும் காப்பாற்றி, அளவுகளையும் குறித்து வைத்துக்கொண்டு, கால் நூற்றாண்டு கழித்து அவற்றைக் கொண்டே கோட்டையைத் திரும்ப எழுப்பினார் என்பது இவ்வூரில் எல்லோரும் சொல்லும் சரித்திரம். வாயிலில் ஒரு பழைய பீரங்கி நிற்கிறது. வெயிலில் கைவைக்க முடியாதபடி சுடும் அதன் வாய்க்குள் எட்டிப் பார்க்காத குழந்தையை நான் இதுவரை கண்டதில்லை. அந்த வாய்தான் விஷயம். மருந்தும் போகும் வழி அது, குண்டும் போகும் வழி அது, நெருப்பும் வெளிவரும் வழி அதுவே. பின்பக்கத்தில் கதவு என்பது கிடையாது.

ஒருநாள் மாலை, வாய்வழியாகவே நிரப்பும் இத்தகைய குழல்களைப் பற்றிய பேச்சு ஒரு மலையாளியின் தேநீர்க் கடையில் எழுந்தது. என்னுடன் இருந்தவர் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மின்வேலை பார்க்கும் சிநேகிதர். “எங்கட ஊரில இத இடியன் துவக்கு எண்டு சொல்லுவம் அண்ணன். இடிச்சு இடிச்சுத்தானே நிரப்புறது. அப்பப்பா வயல் காவலுக்குப் பண்டிக்கு வைச்சிருந்தவர்” என்றார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பாமலே, “தோக்கு” என்றார். துப்பாக்கி, துவக்கு, தோக்கு என்று மூன்று வாய்களில் மூன்று விதமாக வந்த அச்சொல், துருக்கியரின் துஃபெக் என்னும் ஒரே வேரிலிருந்து கிளைத்தது. வளைகுடாவின் முதியவர்களோ துப்பாக்கியை இன்றைக்கும் ‘துஃபக்’ என்றுதான் சொல்லுகிறார்கள். ஏட்டு அரபியில் உள்ள பந்துகிய்யா என்ற பெயர் அவர்கள் நாவில் அத்தனை சுலபமாக வருவதில்லை. வெள்ளையரைக் குறித்த பரங்கி என்ற சொல்லே அவர்கள் கொண்டுவந்த பெரிய குழலுக்கும் ஆகிப் பீரங்கியாயிற்று. ஒரு பொருள் எந்தத் துறைமுகங்களில் இறங்கி ஏறி வந்தது என்பதற்குச் சுங்கக் கணக்கு அகப்படாவிட்டாலும் இத்தகைய சொற்கள் சாட்சி சொல்லும் என்பது என் அபிப்பிராயம்.

ஓமானிலும் இந்தக் கரையிலும் பல தலைமுறைகளாகப் புழங்கிய துப்பாக்கிக்கு ‘அபூ ஃபதீலா’ என்று பெயர். ஃபதீலா என்றால் திரி. ஆகவே இது திரியின் தந்தை, அல்லது திரியை உடையது. ரோலாவை அடுத்த பழம்பொருள் கடை ஒன்றில், காசுமாலைகளுக்கும் வளைந்த கஞ்சர்க் கத்திகளுக்கும் மேலே, சுவரில் சாய்த்துவைத்திருந்த ஒன்றை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஏறத்தாழ ஐந்தடி நீளம். மெலிந்து நேராக ஓடும் கட்டை. குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிணைக்கும் பித்தளைப் பட்டைகள், அவற்றில் இரண்டு போன இடத்தில் தோல்வார். குழலின் வலப்புறத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மருந்துக் கிண்ணி. அதற்குத் திருகி மூடும் சிறு மூடி. கிண்ணியின் அடியில் ஊசி நுழையும் அளவுக்குப் பற்றுவாய். கிண்ணிக்கு எதிரே, பாம்பு தலையெடுத்தாற்போல் வளைந்த ஓர் இரும்பு இடுக்கி. அந்த இடுக்கிதான் எரியும் திரியைக் கவ்விக்கொண்டிருக்கும். கீழே விசையை இழுத்தால் பாம்பு தலைவணங்கித் திரியைக் கிண்ணியில் வைக்கும். அவ்வளவே இதன் யந்திரம். நான் இழுத்துப் பார்த்தபோது, பல்லாண்டுத் துருவையும் மீறி அது மெதுவாக, சற்று முனகிக்கொண்டு, தலைவணங்கியது.

இத்தகைய துப்பாக்கிகளின் குழல்கள் பல பாரசீகத்திலிருந்து வந்தவை. கட்டையும் பூணும் மாத்திரம் இங்கே போட்டவை. நல்ல பாரசீகக் குழலை இரும்பும் எஃகுமான கம்பிகளை ஒன்றாய் முறுக்கி, அம்முறுக்கை ஒரு தண்டின்மேல் சுற்றி, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டிச் செய்வார்கள். அமிலங்கொண்டு கழுவினால் மேலே நீரலை போன்ற கோலம் எழும். குவைத்திலுள்ள தாரிக் ரஜப் காட்சிசாலையின் சேகரத்தை ஆராய்ந்து ராபர்ட் எல்குட் என்ற அறிஞர் 1995இல் இஸ்லாமிய உலகத்துத் துப்பாக்கிகளைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார். தென்னிந்தியாவின் ஆயுதங்களையும் பின்னர் விரிவாக ஆராய்ந்தவர் அவர். அடித்து ஒட்டும் கொல்லுவேலை நம்மவர்க்கும் புதிதல்லவே. இரகுநாத நாயக்கர் காலத்ததென்று கருதப்படும் தஞ்சாவூர்ப் பீரங்கி மேட்டுப் பீரங்கியை, வார்க்காமல், நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, அவற்றின்மேல் வளையம் வளையமாகக் காய்ச்சி இறுக்கியே செய்தார்கள். இருபது டன்னுக்கு மேற்பட்ட அந்த இரும்பு இன்னும் அதே மேட்டில் கிடக்கிறது.

ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டோடு ஏறக்குறைய ஒழிந்துபோன திரித்துப்பாக்கி, அரேபியாவின் இந்த மூலையில் இருபதாம் நூற்றாண்டுவரை தோளில் தொங்கியதை அநாகரிகம் என்று சில வெள்ளைக்காரப் பிரயாணிகள் எழுதிவிட்டுப் போனார்கள். நான் அதை ஒப்புவதில்லை. சிக்கிமுக்கிக் கல்லால் பொறிதட்டும் துப்பாக்கிக்கு நல்ல எஃகு வில் வேண்டும். வில் தெறித்தால் அதைப் போடத் தேர்ந்த கம்மியன் வேண்டும். பின்னால் வந்த தொப்பி வைத்துச் சுடும் துப்பாக்கிக்கோ, செம்புத் தொப்பி கப்பலேறி வரவேண்டும். திரித்துப்பாக்கிக்கு இவையொன்றும் வேண்டா. பஞ்சையோ நாரையோ முறுக்கி வெடியுப்புக் கரைசலில் நனைத்து உலர்த்தினால் திரி. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றினால் குண்டு. வெடியுப்பு முக்கால் பங்கு, மீதியில் கரி கொஞ்சம் கூடுதலாகவும் கந்தகம் கொஞ்சம் குறைவாகவும் சேர்த்து இடித்தால் மருந்து. கந்தகமோ எதிர்க்கரையில் கமீர் என்னும் பாரசீக ஊரையடுத்த மலையில் வெட்டியெடுக்கப்பட்டது. இரும்பு இடுக்கி கோணினால் பேரீச்சந்தோப்பு ஓரத்தில் மண்வெட்டி அடிக்கிற கொல்லனே நிமிர்த்திக் கொடுப்பான். சுருங்கச் சொன்னால், சுடுகிறவனே தன் கையால் ஊட்டி வளர்க்கக்கூடிய ஆயுதம் அது. தூரதேசத்து ஆலை ஒன்றின் தயவை எதிர்பாராதது.

அந்தச் சுயாதீனத்துக்கு ஒரு விலையும் உண்டு. மருந்தைக் கொம்பிலிருந்து அளந்து குழலில் கொட்டி, தக்கை வைத்து, குண்டைப் போட்டு, மறுபடியும் தக்கை வைத்து, கோலால் இடித்து, கிண்ணியில் நுண்மருந்து தூவி, மூடியைத் திருகி, திரியின் நுனியை ஊதிக் கனலவைத்து, இடுக்கியில் பொருத்தி, மூடியைத் திறந்து, குறிபார்த்து விசையை இழுப்பதற்குள் எதிரியோ மானோ வெகுதூரம் போய்விடக்கூடும். இரவில் கனலும் திரி காட்டிக்கொடுக்கும், மழையில் அணைந்துபோகும். மழையின் உபத்திரவம் இந்த ஊரில் அதிகமில்லை என்பதும் இத்துப்பாக்கியின் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணமாயிருக்கலாம்.

மருந்தும் குண்டும் இக்கரையைப் பயங்கரமாகத் தீண்டியது 1507இல். அவ்வாண்டு அல்பூகெர்க் என்னும் போர்த்துக்கீசியத் தளபதி, இன்று ஷார்ஜா அமீரகத்தைச் சேர்ந்த கோர்பக்கானையும் மஸ்கட்டையும் கப்பற் பீரங்கிகளால் தாக்கி எரித்து, ஹோர்முஸை அடிமைகொண்டான். கோழிக்கோட்டையும் கோவாவையும் நடுங்கவைத்த அதே குழல்கள்தாம். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1650இல், ஓமானிய யஅரூபா வமிசத்தார் போர்த்துக்கீசியரை மஸ்கட்டிலிருந்து துரத்தியபோது துரத்தியவர்களிடமும் துப்பாக்கி இருந்தது. பிறகு வந்தது ஆங்கிலக் கும்பினி. 1809இலும் 1819இலும் பம்பாயிலிருந்து புறப்பட்ட படைகள் காசிமிகளின் ராஸ் அல் கைமாவைத் தாக்கின. இரண்டாம் முறை வந்த சுமார் மூவாயிரம் பேரில் ஏறக்குறைய பாதி நம் நாட்டுச் சிப்பாய்கள். அவர்கள் தோளில் சிக்கிமுக்கித் துப்பாக்கி. எதிரே நின்றவர் கையில் திரித்துப்பாக்கியும் வாளும் ஈட்டியும். தாயா என்னும் மலைக்கோட்டைக்கு எதிராக 24 இராத்தல் பீரங்கிகள் இரண்டைக் கப்பலிலிருந்து இறக்கிப் பேரீச்சந்தோப்புகளுக்கூடே இழுத்துச் சென்றார்கள். அவை முழங்கத் தொடங்கிய சில மணி நேரத்தில் கோட்டையில் வெள்ளைக்கொடி ஏறிற்று. அடுத்த ஆண்டு, 1820இல், கரையோரத்துத் தலைவர்கள் யாவரும் கடற்சமாதான உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். மூன்றாண்டு கழித்து எழுந்ததுதான் ரோலாவுக்கு அருகிலுள்ள நம் அல் ஹிஸ்ன். பீரங்கியின் சக்தி இன்னதென்று கண்ணால் கண்டவர்கள் கட்டிய கோட்டை அது.

திரியின் தந்தையை வீழ்த்தியது யுத்தமன்று; வியாபாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மஸ்கட் துறைமுகம் ஐரோப்பியத் துப்பாக்கிகளின் பெருஞ்சந்தையாயிற்று. பின்புறத்தில் திறந்து தோட்டாவை நுழைக்கும் மார்ட்டினி வகை ரைபிள்கள் பெட்டி பெட்டியாக இறங்கி, பலூசிக் கரை வழியாக ஆப்கானிஸ்தானத்துக்குப் போயின. வடமேற்கு எல்லையில் தங்கள் சிப்பாய்களின் மேலேயே அவை திரும்புவதைக் கண்ட ஆங்கிலேயர், 1902இல் இக்கரை ஷேக்குகளிடம் ஆயுத வியாபாரத்தைத் தடுக்கும் உடன்படிக்கை வாங்கினர். கடலில் காவற் கப்பல்களையும் நிறுத்தினர். 1910 டிசம்பரில், ஹையசிந்த் என்ற போர்க்கப்பலிலிருந்து இறங்கியவர்கள் துபாயில் வீடு வீடாகத் துப்பாக்கி தேடப் புகுந்தது கைகலப்பாகி, கப்பற் பீரங்கி ஊரின்மேல் முழங்கி, ஊரார் முப்பத்தேழு பேர் மாண்டார்கள். எந்தத் துப்பாக்கியைத் தேடி வந்தார்களோ அதில் ஒன்றும் இந்த மண்ணில் செய்ததல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். மார்ட்டினியைத் தோளிலேற்றியவன் தோட்டாவுக்காக யாரோ ஒருவனைப் பார்த்துக் காத்திருந்தான். பழைய துப்பாக்கி, திரியும் மருந்துக்கொம்பும் கழன்று, வீட்டு மஜ்லிஸ் என்னும் வரவேற்பறையின் சுவருக்குப் போயிற்று. சிலர் வெள்ளிப் பூணை மாத்திரம் உரித்து உருக்கினார்கள்.

சுவருக்குப் போன பொருள் சடங்குக்குப் போவது உலகவழக்கு. அய்யாலா, ரஸ்ஃபா என்னும் ஆட்டங்களில் எதிரெதிராக நிற்கும் வரிசைகளுக்கு நடுவே, துப்பாக்கியை உயர எறிந்து, சுழலவிட்டுப் பிடிக்கும் இளைஞரைப் பெருநாட்களில் இன்றும் பார்க்கலாம். யுனெஸ்கோ 2014இலும் 2015இலும் இவற்றை மானுட மரபாகப் பதிவு செய்தது. எறியப்படுவது பெரும்பாலும் மரத்தால் செய்த பொய்த்துப்பாக்கி. ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தை அறிவிக்கப் போலீசார் முழக்கும் பீரங்கியும் இவ்வகைச் சடங்கே. அந்த முழக்கம் முதல்முதல் என் காதில் விழுந்தபோது எனக்கு நினைவு வந்தது எங்களூர்த் திருவிழாவின் அதிர்வேட்டு. இரண்டு சாணுக்கும் குட்டையான இரும்புக் குழலை நிமிர்த்தி வைத்து, மருந்திட்டு, செங்கல் தூளால் இறுக இடித்து, நீண்ட கோலின் நுனியில் நெருப்பேந்திப் பற்றவைக்கும் அந்த வேட்டு, சப்பரத்துக்கு முன் போகும் ஓர் இடியன் துவக்கேயன்றி வேறென்ன? சபரிமலையின் வெடிவழிபாடும் அதுதான் என்று தேநீர்க் கடைக்காரர் சொன்னார்.

வாய்வழி நிரப்பும் துப்பாக்கியை விளையாட்டாகக் கையாள்பவர்கள் மேல்நாடுகளில் ஏராளம். அமெரிக்காவில் 1933இலேயே அவர்களுக்குத் தேசிய சங்கம் ஏற்பட்டது. சர்வதேசக் குழு 1971இல் தோன்றியது. அதன் பந்தயங்களில் பதின்மூன்று வேட்டு, அரைமணி அவகாசம், சிறந்த பத்துக்கே மதிப்பெண். அரைமணியில் பதின்மூன்று என்பதை மேலே சொன்ன இடிப்பு வரிசையோடு சேர்த்துப் பார்த்தால் அது எத்தனை பரபரப்பான நிதானம் என்பது விளங்கும். திரித்துப்பாக்கிப் பந்தயம் ஒன்றுக்குத் தனெகஷிமா என்று பெயர். 1543இல் போர்த்துக்கீசியர் ஜப்பானியரிடம் முதன்முதல் துப்பாக்கி கொடுத்த தீவின் பெயர் அது. மாதிரித் துப்பாக்கிகளுக்கு இத்தாலியக் கம்மியர் பேர்போனவர்கள். விலை சகாயமான மாதிரிகள் சில நம் இந்தியாவிலிருந்தே, பற்றுவாய் மாத்திரம் துளைக்கப்படாமல், அலங்காரப் பொருளாகக் கப்பலேறுகின்றன. ஒரு துளை இல்லாததால் துப்பாக்கி துப்பாக்கியல்லாமல் ஆகிவிடுவதை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

நம் பக்கத்தில் இது உயிரோடிருக்கும் இடம் குடகு. 1861 முதல் குடகர்களுக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நிலமுடையவர்களுக்கும் துப்பாக்கி உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. 2019இல் அதை இன்னும் பத்தாண்டுக்கு நீட்டியிருக்கிறார்கள். செப்டம்பரில் வரும் கைல்போத் பண்டிகையில் வீட்டுத் துப்பாக்கிகளை எல்லாம் துடைத்துப் பூஜையில் வைத்து, குழலின் வாயில் ஒரு பூவைச் செருகுவார்கள். அந்தப் பூவுக்கு அவர்கள் இட்ட பெயரே தோக்குப்பூ. பார்த்தால் நம்முடைய செங்காந்தள்! புத்தரி என்னும் அறுவடைப் பண்டிகையில் முதல் கதிரை அறுக்கும்போது வானத்தை நோக்கி வேட்டு. மரத்தில் கட்டிய தேங்காயைச் சுடும் போட்டியும் அவர்களிடம் உண்டு. மலைக்கு இப்பால், தமிழ்நாட்டில், நாட்டுத் துப்பாக்கி என்றதும் பத்திரிகையில் வருவது கைதுச் செய்திதான்.

வளைகுடாவில் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பது கடுங்குற்றமாகையால், என் போன்றவர்க்குப் பார்ப்பதும் தொடுவதும் போதும். பழந்துப்பாக்கியைச் செப்பனிடுகிறவர்கள் முதலில் செய்யும் காரியம் ஒன்றுண்டு. கோலைக் குழலுக்குள் அடிமட்டும் விட்டு, வாயருகில் விரலால் அடையாளம் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின்மேல் கிடத்திப் பார்ப்பார்கள். கோலின் நுனி பற்றுவாய்வரை வந்தால் குழல் காலி. நாலைந்து விரற்கடை குறைந்தால், என்றோ யாரோ இடித்துவைத்த மருந்து இன்னும் உள்ளே இருக்கிறதென்று அர்த்தம். கரிமருந்து நனையாதவரை சாவதில்லை. நூறு வருஷம் கழித்தும் ஒரு பொறிக்குப் பதில் சொல்லும். அப்படிக் கண்டால் நீரூற்றி ஊறவைத்துச் சுரண்டி எடுக்கவேண்டும். சுட்ட குழலையோ அன்றைக்கே வெந்நீரால் கழுவி எண்ணெயிடவேண்டும். ஆகஸ்ட் மாதத்து ஷார்ஜாக் காற்றில், மருந்தின் உப்புப்படிந்த இரும்பு ஒரே இரவில் சிவந்துவிடும்.

மட்டக்களப்புச் சிநேகிதரை அந்தப் பழம்பொருள் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் அவர் விசையைத் தொடவில்லை, குழலின் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, “கோல் இருக்கா, பாய்?” என்றார். கடைக்காரர் மூலையிலிருந்து திரைச்சீலைக் கம்பி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உள்ளே விட்டு, விரல் பிடித்து, வெளியே எடுத்துக் கிடத்தினார். பற்றுவாய்க்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றது கம்பி. மூவரும் சற்று நேரம் பேசவில்லை. கடைக்காரர், இத்தனை வருஷம் அதன் வாய்க்கு நேராகத் தம் நாற்காலி கிடந்ததை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு பற்றுவாயில் தண்ணீர் விட்டு, வாயிலும் விட்டு, அரைமணி கழித்துக் கம்பியால் மெல்லக் கிளறியபோது, கரியமருந்துக்குப் பதிலாக உருண்டை உருண்டையாக வெளுத்த களிமண் வந்தது. விரலால் ஒன்றை நசுக்கிப் பார்த்த சிநேகிதர் சிரித்தார். குளவிக்கூடு. ஓமான் மலையில் எந்த வீட்டுச் சுவரிலோ தொங்கிய நாளில், குளவி ஒன்று அந்தக் குழலில் மண் சுமந்து அறை அறையாகக் கட்டியிருக்கிறது. கடைசி உருண்டையைக் கடைக்காரர் எறியவில்லை. காசுமாலைகளுக்குப் பக்கத்தில், கண்ணாடிப் பலகைமேல் உலர வைத்தார்.